மூன்றாம் தேதி, முற்பகல்

ஏம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுறீங்களா? காத்து காதுல அடிக்குது. போதும் போதும், அம்புட்டுப் போதும்.

தப்பா நினைக்காதீங்க. திண்டுக்கல்ல பஸ் ஏறினதுல இருந்து நீங்க போன்ல பேசினது பூரா என் காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதை எங்க கழட்டி வைக்கிறது? மாசா மாசம் ஏதோ ஃபண்டுல போடுறீங்க, வயசான காலத்துல அது காப்பாத்தும்னு சிநேகிதிக்குச் சொன்னீங்க. "நம்ம பேர்ல கணக்கு, நம்ம காசு, அது பாட்டுக்கு வளரும்"னீங்க பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. என் தம்பி வரதன் பேசுற மாதிரியே இருந்துச்சு. அதே வார்த்தை. அவன் போயி ரெண்டு வருஷம் ஆச்சு.

இல்லம்மா, பரவால்ல. நீங்க ஏன் சாரி சொல்றீங்க? பேசினா எனக்கும் வழி தெரியாமப் போகும். நான் பெரியகுளத்துல இறங்கணும். நீங்க தேனி வரைக்குமா? சரி.

நான் சௌந்தரம். கல்வி ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு மெமோ வாங்கினது கிடையாது. அதுல கடைசிப் பதினெட்டு வருஷம் பென்ஷன் சீட். ரிட்டயர் ஆகுற வாத்தியாருங்களுக்கெல்லாம் பென்ஷன் பேப்பர் தயார் பண்ணி அனுப்புற வேலை. வேற யாரும் அந்த சீட்டுக்கு வரமாட்டாங்க, அம்புட்டு வேலை. ஆயிரம் பேருக்காவது பென்ஷன் வாங்கிக் கொடுத்திருப்பேன். ஒருத்தருக்கு ஒரு நாள் சர்வீஸ் குறைஞ்சாலும் விடமாட்டேன். பழைய ரிஜிஸ்டரை எல்லாம் தூசி தட்டி, அவர் முற்பகல்ல சேர்ந்தாரா பிற்பகல்ல சேர்ந்தாரான்னு தேடி எடுத்துருவேன். "சௌந்தரம் மேடம் கையில பேப்பர் போனா பென்ஷன் வந்த மாதிரி"ன்னு சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

அந்த வேலை எங்க அப்பா செத்ததுனால கிடைச்சது. அப்பா அதே ஆபீஸ்ல பியூன். எனக்கு இருபது வயசு, வரதனுக்கு ஒம்பது. நாங்க ரெண்டே பேரு. ஆர்டர் வந்தப்ப அம்மா பஞ்சாங்கம் பார்த்து, வளர்பிறை பஞ்சமி, புதன்கிழமைன்னு குறிச்சுக் கொடுத்துச்சு. "நாள் செய்யுறத நல்லவங்க செய்யமாட்டாங்கடி"ன்னு சொல்லும். அது சொன்ன நாள்ல போய்ச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருஷத்துல எனக்கு என்ன குறை வந்துச்சு? ஒண்ணும் வரல. கல்யாணம் ஆகல, அது வேற கதை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அம்மாவும் போன பிறகு வரதனைப் படிக்க வச்சேன். எம்.எஸ்ஸி., பி.எட்., கணக்கு. அவனுக்கு முப்பத்திரெண்டு வயசுல கவர்மென்ட் ஸ்கூல்ல வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. போடி பக்கத்துல ஒரு ஊரு.

அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். ரெண்டாயிரத்து மூணு, மார்ச் மாசம் இருபத்தாறு, புதன்கிழமை. ஆர்டரைக் கையில வாங்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல இருந்து ஓடியே வந்தான். முப்பத்திரெண்டு வயசு ஆம்பளை, ரோட்டுல ஓடி வர்றான்! "நாளைக்கே போய் ஜாயின் பண்ணிடுறேன்க்கா"ங்கிறான். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். தேய்பிறை. "தேயுற நிலாவுல சேர்ந்தா சம்பளமும் தேயும்டா, பதினஞ்சு நாள் டைம் கொடுத்திருக்கான்ல, என்ன பறக்குற?"ன்னேன். அவன் கேக்கல. மறுநாள் விடியக்காலையில குளிச்சு, புதுசா எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிறான். சர்ட்டிபிகேட் பூரா பீரோவுக்குள்ள. பீரோ பூட்டியிருக்கு. சாவியைக் காணோம்.

ஆமாம்மா, சாவியைக் காணோம். நானும் தேடுறேன், அவனும் தேடுறான். அரிசி டின்னு, சாமி படத்துக்குப் பின்னாடி, அலமாரி, எல்லா இடத்துலயும் தேடியாச்சு. ஏழரை பஸ் போயிருச்சு. அடுத்த பஸ்ஸும் போயிருச்சு. கட்டிலுக்கு அடியில இருந்து எந்திரிச்சு வர்றான், வெள்ளைச் சட்டை பூரா ஒட்டடை. சிரிக்கிறான். "சரிக்கா, உன் நிலாவுக்காக ஒரு வாரம் இருக்கேன்"ன்னான். அப்புறம் சாவி சாயங்காலமே கிடைச்சிருச்சு. கிடைச்சா என்ன, அதான் ஒத்துக்கிட்டானே. வெள்ளி, சனி, ஞாயிறு போச்சு. திங்கக்கிழமையும் தேய்பிறைதான். ஏப்ரல் ஒண்ணு அமாவாசை. ரெண்டு பிரதமை, ஆகாது. மூணாம் தேதி வியாழக்கிழமை, வளர்பிறை துவிதியை, காலையில பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். நான் லீவு போட்டுட்டுக் கூடவே போய், ஹெட்மாஸ்டர் ரூம்ல அவன் கையெழுத்துப் போடுறதைக் கண்ணால பார்த்தேன். பணிப்பதிவேட்டுல எழுதினாங்க: மூணாம் தேதி, முற்பகல்.

அந்த வருஷம் ஆகஸ்டுல அரசாணை வருது. தபால்ல என் டேபிளுக்குத்தான் வந்துச்சு. பென்ஷன் சீட் நான்தானே. நான்தான் கவரைப் பிரிச்சேன். ஏப்ரல் ஒண்ணாம் தேதியும் அதுக்கு அப்புறமும் வேலைக்குச் சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாதுன்னு போட்டிருக்கு. ஆகஸ்டுல உக்காந்துக்கிட்டு ஏப்ரல்ல இருந்துன்னு போடுறான்! நடந்த கல்யாணத்துக்கு இப்ப வந்து தேதி மாத்துற மாதிரி. நாலு தடவை படிச்சேன். டேபிளுக்கு அடியில விரலை மடக்கி எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு.

உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். பழைய பென்ஷன்னா, கடைசியா வாங்கின சம்பளத்துல பாதி, மூச்சு இருக்கிற வரைக்கும் மாசா மாசம் வரும். மூச்சு நின்னா வீட்டுக்காரிக்கு ஒரு பங்கு, அவ மூச்சு இருக்கிற வரைக்கும். புதுசுல, சம்பளத்துல மாசா மாசம் பத்துல ஒரு பங்கைப் பிடிச்சு ஒங்க பேர்ல ஒரு கணக்குல போடுவான். கவர்மென்ட்டும் அதே அளவு போடும். கடைசியில மொத்தமா எடுத்துக் கொடுத்துட்டுக் கும்பிடு போட்டுருவான். மாசா மாசம் எதுவும் கிடையாது. இனிமே உன் பாடு, உன் கணக்கு பாடு.

இதெல்லாம் யாருக்கு முன்னாடி தெரியும்? சொல்லுங்க. எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தேழாம் தேதி சேர்ந்திருந்தா தப்பிச்சிருப்பான்னு இன்னைக்குச் சொல்லலாம். அன்னைக்குச் சொன்னது யாரு? நானா நாளைக் குறிச்சேன், பஞ்சாங்கம் குறிச்சது. தேதி போட்டவன் கோட்டையில உக்காந்திருக்கான்.

அன்னைக்கு வீட்டுக்குப் போய் அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, துணியை மடிச்சுக்கிட்டே சொன்னேன். "வரதா, புதுசா ஒரு ஸ்கீம் கொண்டாந்திருக்கான். ஏப்ரல் ஒண்ணுல இருந்து." "காபி போடுக்கா"ன்னான். போட்டுக் கொண்டாந்து கொடுத்தேன். டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, "நல்லதுதானக்கா"ங்கிறான். "நம்ம பேர்ல தனிக் கணக்கு. நம்ம காசு. யாரும் கை வைக்க முடியாது. அது பாட்டுக்கு வளரும்." எனக்கு எரிச்சல் வந்துருச்சு. கணக்கு வாத்தியார் பேசுற பேச்சா இது? காபியையும் குடிக்காம அப்படியே வச்சுட்டுப் போயிட்டான். ஆடை படிஞ்சு கிடந்துச்சு. பாலை வீணாக்குறியேன்னு அதுக்கு வேற திட்டினேன்.

அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டைம்மா, பதினெட்டு வருஷம். பொங்கலுக்கு வந்தா அந்தச் சண்டை, தீபாவளிக்கு வந்தா அந்தச் சண்டை. இடையில அவனுக்குக் கல்யாணம் ஆச்சு, ரேணுகா, பெரியகுளத்துப் பொண்ணு. ஹரிணி பொறந்தா. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே சண்டை போடுவோம். "சட்டியில இருந்தாத்தானக்கா அகப்பையில வரும்? கவர்மென்ட் சட்டி காலியானா உன் பென்ஷன் என்னாகும்? எனக்குத் தனிச் சட்டி"ம்பான். நான் விடுவேனா? "சட்டி உன் பேர்ல இருக்குடா, அகப்பை யார் கையில இருக்கு? உன் பொண்டாட்டி எழுவது வயசுல சட்டியைச் சுரண்டுவாளா?"ன்னு கேப்பேன். "நான்தான் அவளுக்கு முன்னாடி போவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"ன்னு சிரிப்பான். ரேணுகா பாத்திரத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிருவா. எனக்கு அவ மேல அப்பப்பக் கோவம். புருஷன் இப்படி உளறுறானே, ஒரு வார்த்தை எனக்காகப் பேசினா என்ன?

வருஷா வருஷம் கணக்குச் சீட்டு வரும். அதைச் சட்டைப் பையில மடிச்சு வச்சுக் கொண்டாந்து எனக்குக் காட்டுவான். "பாருக்கா, போன வருஷத்தை விட எம்புட்டு வளர்ந்திருக்கு." ஒரு தடவை அதுல நாலு மாசம் பிடிச்ச காசு ஏறவே இல்ல. கண்ணாடியைப் போட்டுப் பார்த்து நான்தான் கண்டுபிடிச்சேன். "அடுத்த வருஷம் சரியாகிரும்"னு சீட்டைப் பிடுங்கி மடிச்சு வச்சுக்கிட்டான். பழைய பென்ஷன் வேணும்னு வாத்தியாருங்க எல்லாம் தெருவுல உக்காந்தப்ப, "நீ போகலையா?"ன்னு கேட்டேன். "எனக்கெதுக்குக்கா? எனக்குத்தான் இதே பிடிச்சிருக்கே"ன்னான். அந்த வாரம் மதுரையில ஏதோ ட்ரெய்னிங்னு போயிட்டான்.

உண்மையைச் சொல்லணும்னா, திட்டினாலும் எனக்கு அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு. அவனே நல்லதுன்னு சொல்றான்ல? கணக்குப் படிச்சவன். அவனுக்குத் தெரியாததா? அந்தத் தேதியைப் பத்தி ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட அவன் வாயைத் திறந்ததில்ல. ஏன் திறக்கணும்? அதுல என்ன இருக்கு பேச?

வத்தலக்குண்டு வந்திருச்சா? தண்ணி இருக்கா உங்ககிட்ட? குடுங்க. அண்ணாந்து குடிச்சுக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கடைசி பீரியட்ல, போர்டுல எழுதிக்கிட்டே இருந்தவன் அப்படியே உக்காந்துட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அம்பது வயசு. நான் போய்ப் பார்க்கும்போது வலது கையில சாக்பீஸ் மாவு அப்படியே இருந்துச்சு. யாரும் துடைக்கல. நான்தான் முந்தானையால துடைச்சேன். வளர்த்த பிள்ளைம்மா. தம்பின்னா சொல்றது.

அதுக்கப்புறம் பேப்பர் வேலை. நான்தானே செய்யணும்? ஆயிரம் பேருக்குச் செஞ்சவ. வாத்தியார் செத்துப்போனா அவர் வீட்டுக்காரிக்குக் குடும்பப் பென்ஷன் படிவம்னு ஒண்ணு உண்டு. கண்ணை மூடிக்கிட்டு நிரப்புவேன், எந்த இடத்துல கையெழுத்து, எந்த இடத்துல கைரேகைன்னு. அந்த ஆபீஸுக்கே போய் உக்காந்தேன். என் சீட்டுல இப்ப ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. "மேடம், இவருக்கு அந்தப் படிவம் கிடையாது மேடம்"னு மெதுவாச் சொன்னா. எனக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சுதான் போனேன். ஆனாலும் அந்தக் கட்டுல இருந்து ஒண்ணை உருவி, மேல அவன் பேரை எழுதிட்டேன். வரதராசன்னு எழுதி முடிச்ச பிறகுதான் கை நின்னுச்சு. அந்தப் பொண்ணு அதை வாங்கி, நான் பார்க்காத மாதிரி மடிச்சு உள்ள வச்சுக்கிட்டா.

கணக்குல இருந்தது மொத்தமா வந்துச்சு, பத்து மாசம் அலைஞ்ச பிறகு. பாதி வீட்டுக் கடனுக்குப் போச்சு. மீதி ஹரிணி படிப்புக்கு. வளர்ந்துச்சு வளர்ந்துச்சுன்னானே, அது அம்புட்டுத்தான். ரேணுகா ஜெராக்ஸ் கடையில வேலைக்குப் போறா. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும், கால் வீங்கிருது. நான் என் பென்ஷன்ல பாதி அனுப்புறேன். "வேண்டாம் மதினி"ம்பா. அனுப்பாம எப்படி இருக்கிறது?

ஆனா என் கோவம் அது இல்லம்மா. என் கோவம் வேற. இத்தனை நேரம் சொன்னதே இதைச் சொல்லத்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னாசிமுத்துன்னு ஒருத்தர் வந்தாரு. அவரும் வாத்தியார். வரதனும் அவரும் ஒரே நாள்ல ஆர்டர் வாங்கினவங்க. லிஸ்டுல வரதன் ஏழாவது, அவரு பதினெட்டாவது. அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, நாள் கிழமை பார்க்கிற பழக்கமில்ல. மறுநாளே போய்ச் சேர்ந்துட்டாரு. அவருக்குப் பழைய பென்ஷன். அந்த மனுஷன் என் முன்னாடி வந்து நின்னு தேம்பித் தேம்பி அழுதாரு. "அக்கா, மண்டபத்துல அஞ்சு நாளும் என் பக்கத்துலதான் படுத்திருந்தான்"னாரு. எந்த மண்டபம்னேன். "மறியல்ல அரெஸ்ட் பண்ணி அடைச்சு வைப்பாங்கல்ல, கல்யாண மண்டபம். உங்களுக்குத் தெரியாதா?"ன்னு போனை எடுத்துக் காட்டினாரு.

போட்டோவுல வரதன். முதல் வரிசையில. நெத்தி நரம்பு புடைக்க, வாயைத் திறந்து கோஷம் போடுறான். கையில அட்டை: புதுத் திட்டத்தை ரத்து செய், பழைய பென்ஷனைக் கொடு. அடுத்த போட்டோவுல தக்காளிச் சாதப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். "மதுரை ட்ரெய்னிங்" அதுதான்! ஒரு தடவை இல்லம்மா. எட்டு வருஷமா ஒரு மறியல் விடலையாம். அதுக்காகக் குற்றச்சாட்டு மெமோவும் வாங்கியிருக்கான். எங்க குடும்பத்துல மெமோ!

"உங்களுக்குத்தான் பழைய பென்ஷன் இருக்கே, நீங்க எதுக்குங்க போனீங்க?"ன்னு இன்னாசிமுத்துகிட்ட கேட்டேன். "ஒரே நாள்ல ஆர்டர் வாங்கினோமேக்கா"ன்னாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பொங்கலுக்கு என் வீட்டுல உக்காந்து, நான் வச்ச சக்கரைப் பொங்கலைத் தின்னுக்கிட்டு, தனிக் கணக்குதான் தங்கம்னு என்கூட மல்லுக்கு நின்னவன். அடுத்த வாரம் போய்த் தெருவுல படுத்திருக்கான். யாருகிட்ட பொய் சொல்றான்? வளர்த்த அக்காகிட்ட! நான் என்ன கவர்மென்ட்டா? நான் என்ன போலீஸா? என்கிட்ட எதுக்கு அந்த நாடகம்? ரேணுகாகிட்ட கேட்டேன், "உனக்குத் தெரியுமாடி?"ன்னு. "தெரியும் மதினி"ன்னா. "ஏன்டி மறைச்சான்?"னேன். என்னையே பார்த்தா. பாத்திரத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. ரெண்டு வருஷமா இது என் நெஞ்சுல முள்ளாக் கிடக்கு. செத்தவன்கிட்ட போய்ச் சண்டை போட முடியுமா?

சரி, அதை விடுங்க. இப்ப எதுக்குப் போறேன்னு சொல்லலையே. ஹரிணிக்கு அவ அப்பா வேலையை வச்சு ஆர்டர் வந்திருச்சு, கல்வித் துறையிலயே, ஆபீஸ் வேலை. போன மாசம் இருபத்தஞ்சாம் தேதி வந்துச்சு. ஆடி மாசம். ஆடியில யாராவது புது வேலையில சேருவாங்களா? முப்பது நாள் டைம் இருக்கு. நான்தான் சொன்னேன், பேசாம இரு, ஆவணி பொறக்கட்டும்னு. நாளைக்கு ஆவணி ஒண்ணு, வெள்ளிக்கிழமை. வளர்பிறை துவிதியை. எப்படி அமைஞ்சிருக்கு பாருங்க! அவ அப்பா சேர்ந்த அதே திதி. அதுக்குத்தான் போறேன். புதுப் பேனா வாங்கியிருக்கேன். ஒரு புடவையும் எடுத்திருக்கேன், மாம்பழ மஞ்சள். கூடவே போய், கையெழுத்துப் போடுறதைக் கண்ணால பார்க்கணும். அவங்க அப்பனுக்குப் பார்த்த மாதிரி.

ஒரு நிமிஷம்மா, போன் அடிக்குது. அவதான். ஆயுசு நூறு.

சொல்லுடா ஹரிணி. தேவதானப்பட்டி தாண்டியாச்சு. ஆமா. சாப்பிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் கிளம்பி... என்னது? என்னடா சொல்ற? சத்தமாச் சொல்லு, பஸ்ஸுல கேக்கல... எப்ப?... எப்ப?... யாரு சொன்னா?... எப்பச் சொன்னான்?...

இல்லடா. கோவம் இல்ல. அழாத. கோவம் இல்லைங்கிறேன்ல? அம்மாகிட்ட சொல்லு, நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். வை. வைடா.

ஒண்ணுமில்லம்மா. இருங்க. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிறேன்.

அவ சேர்ந்துட்டாளாம். ஆர்டர் வந்த அன்னைக்கே. மத்தியானம் ஆர்டர் வந்திருக்கு, மூணரை மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டா. ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை, ராகு காலம், அஷ்டமி. ஒண்ணு விடல. இருபத்திமூணு நாளா தினம் வேலைக்குப் போறாளாம். தினம் சாயங்காலம் என்கூடப் போன்ல பேசுறா, "சரி அத்தை, ஆவணியில சேர்றேன் அத்தை"ன்னு. நான் நேர்ல வர்றேன்னு தெரிஞ்சதும் இப்பச் சொல்றா.

அவங்க அப்பா சொல்லி வச்சிருந்தானாம். இப்ப இல்ல, அவ பன்னெண்டாவது படிக்கிறப்ப. "வேலைன்னு ஒண்ணு உன் கைக்கு வந்தா, அன்னைக்கே போய்ச் சேர்ந்துருடா. நாள் பார்க்காத. அத்தைகிட்ட அப்புறமாச் சொல்லிக்கலாம். அத்தை மனசு நோகாமச் சொல்லு. உங்க அத்தை பாவம்."

பாவம்னானாம்.

அப்ப அவனுக்கு அது மனசுல இருந்திருக்கு, இல்லம்மா? பதினெட்டு வருஷமா இருந்திருக்கு. என்கிட்ட வந்து தனிக் கணக்கு, தனிச் சட்டின்னு பேசினதெல்லாம்... கணக்குச் சீட்டைக் கொண்டாந்து காட்டினதெல்லாம்... நான் அவனைத் தோக்கடிச்சுட்டேன்னு ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன். எதுக்குப் பொய் சொன்னான்னு ரேணுகாகிட்ட போய்க் கேட்டேனே. அவ என்னத்தைச் சொல்லுவா?

பெரியகுளம் வந்துருச்சா? கண்டக்டர் விசில் அடிச்சா சொல்லுங்க. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. மேல, அந்த மஞ்சப் பை.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டு இறங்குறேன். நீங்க யாரோ, நான் யாரோ. இனிமே பார்த்துக்கப் போறதில்ல. சாவி தொலையலம்மா. அன்னைக்குக் காலையில அது என் இடுப்புலதான் இருந்துச்சு. நான்தான் பூட்டி, சேலைக்குள்ள செருகி வச்சிருந்தேன். காணோம் காணோம்னு இருபது வருஷமாச் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாத் தொலைஞ்ச மாதிரி ஆகிருச்சு.

நான் அரிசி டின்னுக்குள்ள கையை விட்டுத் தேடுற மாதிரி தேடிக்கிட்டிருந்தேன். குனிஞ்சு நிமிரும்போது முந்தானை விலகிருச்சு. சாவிக்கொத்து சத்தம் போட்டுச்சு. திரும்பிப் பார்த்தேன். அவன் வாசப்படியில நிக்கிறான். என் இடுப்பைத்தான் பார்க்கிறான். நான் பார்த்ததையும் பார்த்துட்டான்.

"நீ டின்னுல நல்லாப் பாருக்கா, நான் கட்டிலுக்கு அடியில பார்க்கிறேன்"னான்.

அந்தப் புதுச் சட்டையோட தரையில படுத்து, கட்டிலுக்கு அடியில கையை விட்டு, ரொம்ப நேரம் தேடினான்.